இரவு எத்தனை மணி வரை?

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 18 முதல் 30 வயது வரையிலான 1,043 பேரிடம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. அவர்களில் 38.9 சதவீதம் பேர் ஸ்மார்ட்போனுக்கு அடிமையானவர்கள் என்ற வரையறைக்குள் வந்தார்கள். பத்துப் பேரில் நான்கு பேர் என்ற இந்தக் கணக்கு அப்போது பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் அறிக்கைக்குள் இருந்த இன்னொரு முடிவுதான் கூடுதல் கவனத்துக்கு உரியது. அடிமைப்பட்டவர்களாகக் கணிக்கப்பட்டவர்களில் 68.7 சதவீதம் பேருக்குத் தூக்கம் சரியில்லை; மற்றவர்களில் 57.1 சதவீதம் பேருக்கு. ஒருவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறார் என்பதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் இந்தத் தொடர்பு மறையவில்லை. பார்க்கும் நேரத்தின் நீளத்தை வைத்துக் கெடுதலை அளக்கக் கூடாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு எப்போதும் மணிக்கணக்கில்தான் தொடங்கும். "பொழுது விடிஞ்சா பொழுது போனா அந்தப் போன்தானா?" என்று அம்மா கேட்பார். "எல்லாருந்தான் பாக்குறாங்க" என்று பிள்ளை சொல்லும். இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பதால் சண்டை ஓய்வதில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவதும், பரீட்சைக்காக யூடியூபில் இரண்டு மணி நேரம் பாடம் கேட்பதும், இரவு ஒன்றரை மணிக்கு இருட்டில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பதும் போன் காட்டும் கணக்கில் ஒரே எண்ணாகச் சேர்ந்துவிடுகின்றன. உடம்பு அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தத் துறையில் இதுவரை சேர்ந்திருக்கும் ஆய்வுகளைக் கூட்டிப் படித்தால், இளைஞர்களின் உடல்நலப் பழக்கங்கள் பெரும்பாலும் இரவுத் தூக்கத்தில்தான் முதலில் குலைகின்றன என்பது தெரிகிறது. சாப்பாடும் நடமாட்டமும் மனநிலையும் அதன் பின்னால் வரிசையாகக் கெடுகின்றன.

அடிமைப்பட்டவர் யார் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல்களில் ஒன்று தென்கொரியாவில் உருவானது. 2013-இல் வெளியான அதன் சுருக்க வடிவத்தில் பத்தே வாக்கியங்கள் இருக்கின்றன. போனால் திட்டமிட்ட வேலை தவறிப்போகிறது. வகுப்பில் கவனம் நிற்பதில்லை. மணிக்கட்டிலோ பிடரியிலோ வலி இருக்கிறது. போன் கையில் இல்லாவிட்டால் பொறுமை போய்விடுகிறது. பார்க்காத நேரத்திலும் அதன் நினைப்பாகவே இருக்கிறது. நினைத்ததைவிட அதிக நேரம் பார்த்துவிடுகிறேன். அதிகம் பார்ப்பதாகப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்கிறார்கள் என்கிற ரீதியில் அவை போகும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஆறு வரை மதிப்பெண். மொத்தம் 60-க்கு ஆண்கள் 31, பெண்கள் 33 என்ற எல்லையைத் தொட்டால் அடிமைத்தனம் இருப்பதாகக் கொள்வார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்வி இந்தப் பத்தில் எங்கும் இல்லை. கட்டுப்பாடு கையைவிட்டுப் போய்விட்டதா, அதனால் வேறு எதுவும் கெடுகிறதா என்பதைத்தான் அது துருவுகிறது. அந்த வகையில் அது நல்ல கருவி. ஆனால் 31, 33 என்ற எல்லைகள் கொரியப் பதின்வயதினரை வைத்து வகுக்கப்பட்டவை. அதே எல்லையைக் கோயம்புத்தூரில் படிக்கும் 22 வயதுக்காரருக்கும் லண்டனில் வேலை பார்க்கும் 28 வயதுக்காரருக்கும் மாற்றாமல் பொருத்தும்போது, வரும் சதவீதத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். 32 மதிப்பெண் எடுத்த ஆண் அடிமை, அதே 32 எடுத்த பெண் அடிமையில்லை என்று ஒரு கருவி சொல்லும்போது, அது நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. சல்லடை போட்டுப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

மருத்துவ உலகமும் இன்னும் தயங்கித்தான் நிற்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடு இணைய விளையாட்டுச் சிக்கலை மட்டும், அதையும் மேலும் ஆராயப்பட வேண்டிய ஒன்றாக, பட்டியலில் வைத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியலிலும் விளையாட்டு அடிமைத்தனம் இருக்கிறது, ஸ்மார்ட்போன் அடிமைத்தனம் இல்லை. போதைப்பொருள் அடிமைத்தனத்துக்கு உள்ள கடுமையான உடல், மன விளைவுகள் போன் விஷயத்தில் நிரூபிக்கப்படவில்லை என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களது வாதத்தில் வலு இருக்கிறது.

ஆனால் பெயர் முடிவாகும்வரை பாதிப்பு காத்திருப்பதில்லை. 41 ஆய்வுகளையும் அவற்றில் இடம்பெற்ற ஏறத்தாழ 42,000 சிறார், இளைஞர்களையும் ஒன்றாகத் தொகுத்த மீளாய்வு ஒன்று 2019-இல் வந்தது. நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் சிக்கலான முறையில் போனைப் பயன்படுத்துவதாக அது மதிப்பிட்டது. அப்படிப் பயன்படுத்துபவர்களிடம் மனச்சோர்வு இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் மூன்று மடங்குக்கும் கூடுதல். தூக்கம் கெட்டிருப்பதற்கு இரண்டரை மடங்கு.

தூக்கம் எப்படிக் கெடுகிறது என்று கேட்டால், உடனே வரும் பதில் நீல ஒளி. அதற்கு ஓர் ஆதாரம் உண்டு. பாஸ்டனின் பிரிகாம் மகளிர் மருத்துவமனை ஆய்வாளர்கள் 12 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து நடத்திய சோதனையின் முடிவு 2015-இல் வெளியானது. அவர்கள் தூங்கப்போகும் முன் நான்கு மணி நேரம், ஐந்து நாள் அச்சுப் புத்தகம் படித்தார்கள், ஐந்து நாள் ஒளிரும் திரையில் படித்தார்கள். திரையில் படித்த நாட்களில், தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. உடலின் கடிகாரம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பின்தள்ளிப்போனது. மறுநாள் காலையில் தெளிவு வரவும் தாமதமானது.

இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுபவர்கள் அதன் இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். திரையில் படித்தவர்கள் தூங்கிப்போக எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் பத்து நிமிடம்தான். அதுவும் மங்கலான அறையில், முழு வெளிச்சம் வைத்த பெரிய திரையை நான்கு மணி நேரம் பார்த்த பிறகு. கைக்குள் அடங்கும் போனின் ஒளியால் மட்டும் ஓர் இளைஞர் இரண்டு மணிவரை விழித்திருக்க முடியாது. திரையை மஞ்சளாக மாற்றும் வசதியும், நீல ஒளி தடுக்கும் கண்ணாடியும் விற்பனைக்கு நல்ல சரக்குகள். பிரச்சினையின் பெரும்பகுதியை அவை தொடுவதே இல்லை.

பெரும்பகுதி எங்கே இருக்கிறது என்பதை ஒரு கல்லூரி விடுதி அறையில் பார்க்கலாம். நான்கு கட்டில்கள். சுவரில் இருக்கும் ஒரே பிளக் பாயிண்ட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று இழுத்து, அதில் நான்கு சார்ஜர்கள். பதினொன்றரைக்கு டியூப் லைட்டை அணைத்தாயிற்று. வீட்டுக்குப் போனில் பேசியாயிற்று. படுத்தாயிற்று. ஒருக்களித்துப் படுத்து, போர்வைக்குள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளித் திரை. ஒரு வீடியோ அரை நிமிடம்தான், பிடிக்காவிட்டால் இரண்டு விநாடியில் கட்டைவிரல் தள்ளிவிடும். "இதோட வச்சிடலாம்" என்ற நினைப்பு பலமுறை வந்துபோகும். எதிர்க் கட்டிலில் இருப்பவன் அனுப்பிய மீம் வந்து விழும், இருட்டில் இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரிப்பார்கள். அறையில் எல்லோரும் படுத்துவிட்டார்கள், ஒருவரும் தூங்கவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இப்படித் தூக்கத்தைத் தள்ளிப்போடுவதைத் தனி நடத்தையாகவே வரையறுத்தார்கள். வேறு எந்தக் காரணமும் தடுக்காதபோதும், படுக்க நினைத்த நேரத்தில் படுக்கப் போகாமல் இருப்பது என்பது அந்த வரையறை. அவர்கள் எழுதியபோது படுக்கைக்குப் போவதைத் தள்ளிப்போடுவதுதான் கணக்கு. இப்போது படுக்கையில் படுத்துக்கொண்டே தள்ளிப்போட முடிகிறது.

நிறுத்த முடியாமல் போவதை அந்த இளைஞரின் மனவுறுதிக் குறைவு என்று மட்டும் சொல்வது அநியாயம். ஒரு பக்கத்தின் அடியில் போய் 'அடுத்தது' என்று அழுத்த வேண்டியிருந்த காலத்தில், அந்த ஒரு கணத்தில் மனிதருக்கு நிறுத்த வாய்ப்பு இருந்தது. 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லாத ஸ்க்ரோல் அந்தக் கணத்தை எடுத்துவிட்டது. பின்னாளில் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். எத்தனையாவது முறை பரிசு வரும் என்று தெரியாதபோதுதான் உயிர்கள் விடாமல் முயல்கின்றன என்பதை பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து 1950-களிலேயே காட்டிவிட்டார். அடுத்த வீடியோ நன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதுதான் விரலை ஓடவைக்கிறது.

இந்தியாவில் இது வந்துசேர்ந்த வேகத்தையும் நினைக்க வேண்டும். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியதும் டேட்டாவின் விலை சரிந்தது. 2020 ஜூன் இறுதியில் மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலில் இந்தியாவில்தான் வெள்ளோட்டம் பார்த்தது. அதே ஆண்டு மார்ச்சிலிருந்து பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2004-இல் பிறந்த ஒரு பிள்ளைக்கு 12 வயதில் மலிவு டேட்டா வந்தது, 16 வயதில் வகுப்பறையே போனுக்குள் வந்தது. 2021 ஜனவரியில் தமிழக அரசு ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு, இணையவழி வகுப்புக்காக, நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. அன்றைய நிலையில் அது தேவையான உதவி. அது இல்லாமல் பல ஏழைப் பிள்ளைகள் படிப்பையே விட்டிருப்பார்கள். இன்று இருபதுகளில் இருக்கும் இந்தத் தலைமுறையின் கையில் போனைக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். அதைப் பிடுங்கிக்கொண்டு திட்டுவதற்கு முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

தூக்கம் குறைந்தால் மறுநாள் கண் எரியும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்களுக்கு சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டர் குழுவினர் நடத்திய இரண்டு சோதனைகளைச் சொல்ல வேண்டும். இரண்டிலும் கலந்துகொண்டவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

1999-இல் வெளியான முதல் சோதனையில் 18 முதல் 27 வயதுக்குட்பட்ட 11 ஆண்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். பிறகு நரம்பில் குளுக்கோஸ் செலுத்தி, ரத்தம் அதை எவ்வளவு வேகத்தில் அப்புறப்படுத்துகிறது என்று பார்த்தார்கள். நன்றாகத் தூங்கிய நிலையோடு ஒப்பிட்டால் அந்த வேகம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. நீரிழிவின் தொடக்க நிலையில் காணப்படுவதை ஒத்த மாற்றம் அது. ஆறே இரவுகளில் வந்தது. தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்ததும் சரியாகவும் செய்தது.

2004-இல் வெளியான இரண்டாவது சோதனையில் 12 இளைஞர்கள். இரண்டு இரவுகள் நான்கு மணி நேரத் தூக்கம், பிறகு வேறொரு முறை பத்து மணி நேரம். குறைவாகத் தூங்கியபோது, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. பசி 24 சதவீதம் அதிகமாக இருப்பதாக அவர்களே சொன்னார்கள். எதன் மேல் ஆசை வருகிறது என்று கேட்டபோது இனிப்பு, உப்பு நொறுக்குத்தீனி, மாவுப்பண்டம் ஆகியவைதான் முன்னுக்கு வந்தன. பழம், காய்கறியின் மேல் அந்த அளவுக்கு ஆசை கூடவில்லை.

இந்த எண்களோடு அந்த விடுதி அறைக்குத் திரும்பினால், இளைஞர்களின் சாப்பாட்டுப் பழக்கம் பற்றிய பாதிப் புகாருக்கு விளக்கம் கிடைத்துவிடும். இரண்டு மணிக்குத் தூங்கியவன் எட்டரைக்கு அலாரத்தை அணைத்துவிட்டு ஒன்பது மணி வகுப்புக்கு ஓடுகிறான். மெஸ்ஸில் இட்லி ஆறிக்கொண்டிருக்கும், அவன் அந்தப் பக்கமே போவதில்லை. பதினொரு மணி இடைவேளையில் கேன்டீனில் ஒரு டீயும் முட்டை பப்ஸும். மதியச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு பிற்பகல் வகுப்பில் தூங்கி வழிவான். இரவு எட்டு மணிக்கு மெஸ்ஸில் பேருக்குச் சாப்பிட்டாலும், பன்னிரண்டரைக்கு மறுபடி பசிக்கும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் போனிலேயே பரோட்டாவும் பிரைட் ரைஸும் படத்தோடு வந்து நிற்கும். தூக்கத்தைக் கெடுத்த பொருளே, தூக்கமின்மை தூண்டிவிட்ட பசிக்குச் சாப்பாடும் கொண்டுவந்து தருகிறது. கொலம்பியாவில் 1,060 பல்கலைக்கழக மாணவர்களிடம் எடுத்து 2019-இல் அறிவிக்கப்பட்ட ஓர் ஆய்வில், நாளைக்கு ஐந்து மணி நேரமும் அதற்கு மேலும் போன் பார்ப்பவர்களுக்கு உடல்பருமன் ஆபத்து 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. சர்க்கரை பானமும் துரித உணவும் நொறுக்குத்தீனியும் அவர்கள் அதிகம் எடுத்துக்கொண்டார்கள். போன்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. சிகாகோ சோதனைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காரணம் எந்த வழியாக ஓடக்கூடும் என்பது தெரிகிறது.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்பதாகவும் கணித்தது. தேசிய அளவில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் அதைவிட அதிகம். மேல்நாட்டவரைவிட இந்தியர்களுக்கு நீரிழிவு பத்து ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுவதும், மெலிந்த உடம்பிலும் வருவதும் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. பரம்பரையில் ஏற்கெனவே இந்தச் சுமை இருக்கும் 20 வயது உடம்புக்கு, வாரத்தில் ஐந்து நாள் ஐந்து மணி நேரத் தூக்கம் என்பது சின்ன விஷயமாக இருக்க முடியாது. கல்லூரிகளில் போதைத் தடுப்புக் கூட்டம் நடக்கிறது, ரத்ததான முகாம் நடக்கிறது. தூக்கத்தைப் பற்றி யாராவது ஒரு மணி நேரம் பேசினால் அதுவும் அதே அளவு பயன் தரும்.

உடற்பயிற்சி விஷயத்தில் ஆதாரம் இவ்வளவு அழுத்தமாக இல்லை. 2013-இல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 305 மாணவர்களிடம் கேள்வி கேட்டு, அவர்களில் 49 பேரை டிரெட்மில்லில் ஓடவிட்டு இதய, நுரையீரல் திறனை அளந்தார்கள். அதிகம் போன் பார்ப்பவர்களின் திறன் குறைவாக இருந்தது. நடக்கும்போதும் போன் கையிலேயே இருக்கும், அதனால் அது தொலைக்காட்சி மாதிரி உட்காரவைக்காது என்ற எதிர்பார்ப்பை அந்த முடிவு அசைத்தது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தியாவில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாமல் இருப்பதாக 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு சொன்னது. பெண்களில் அது இன்னும் அதிகம். விளையாட்டு மைதானம் இல்லாத கல்லூரியும், இருக்கும் மைதானத்திலும் மாலை ஆறு மணிக்கு மேல் பெண்கள் நிற்கக் கூடாது என்னும் விதியும் போன் வருவதற்கு முன்பே இருந்தவை. காலியாகக் கிடந்த மாலை நேரத்தில்தான் போன் வந்து உட்கார்ந்தது.

கழுத்து வலிக்கும் கண் வறட்சிக்கும் நீண்ட விளக்கம் தேவையில்லை. தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின் மேல் ஏறும் சுமை 27 கிலோவுக்குச் சமம் என்று கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 2014-இல் கணித்தார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, மனிதர்களிடம் அளந்தது அல்ல. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைவதால்தான் கண் உலர்ந்து எரிகிறது.

மனநிலை பற்றிப் பேசும்போது எது முன், எது பின் என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஊரை விட்டு முதன்முறையாக வந்து, ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு புரியாமல், பேச ஆளில்லாமல் இருக்கும் ஒரு முதலாம் ஆண்டு மாணவி இரவு முழுக்கப் போனில் இருக்கிறாள் என்றால், தனிமை முன்னால் வந்திருக்கிறது. தூக்கம் வராததால் போனை எடுப்பவர்களும் உண்டு. அவர்களிடமிருந்து போனைப் பறித்தால் தனிமையும் தூக்கமின்மையும் அப்படியே இருக்கும், அதற்கு இருந்த ஒரே ஆறுதலும் போய்விடும். மேலே சொன்ன ஆய்வுகளில் பலவும் ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்புகள் என்பதால், அவற்றால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் சேர்ந்து சுழலும் சுழல் இது என்பதே நியாயமான வாசிப்பு.

அதோடு, கவலையைச் சாக்காக்கிப் பெண்களின் கையிலிருந்து மட்டும் போனைப் பிடுங்கும் ஆபத்தும் இங்கே இருக்கிறது. 2019-இல் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் ஒரு சமூகத்துப் பெரியவர்கள் கூடி, திருமணமாகாத பெண்கள் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தும் செல்போன் உள்ள பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம்தான். 14 முதல் 18 வயதுக்குட்பட்ட கிராமத்துப் பிள்ளைகளிடம் எடுத்த 2023 ஏசர் கல்வி அறிக்கையில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த ஆண்பிள்ளைகளில் 43.7 சதவீதம் பேரிடம் சொந்தப் போன் இருந்தது, பெண்பிள்ளைகளில் 19.8 சதவீதம் பேரிடம்தான். உடல்நலத்தின் பெயரால் பேசுபவர்கள் இந்த இடைவெளியை இன்னும் பெரிதாக்கிவிடக் கூடாது.

சரி, இரவில் போனைத் தள்ளி வைத்தால் உண்மையிலேயே ஏதாவது மாறுகிறதா? சீனாவில் 38 பேரை வைத்து நடந்த ஒரு சிறிய சோதனை 2020-இல் வந்தது. குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைப் படுப்பதற்கு முன் 30 நிமிடம் மட்டும் போனைத் தொட வேண்டாம் என்றார்கள். நான்கு வாரத்தில் அவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள், கூடுதல் நேரம் தூங்கினார்கள், மனநிலையும் நினைவாற்றலும் தேறின. மொத்த நேரத்தைக் குறைக்கச் சொல்லவே இல்லை. இரவின் அந்த அரை மணி நேரத்தை மட்டும்தான் கேட்டார்கள். எண்ணிக்கை சிறியது என்றாலும் இது கவனிக்கத்தக்கது.

மொத்த நேரத்தைக் குறைத்துப் பார்த்த சோதனைகளும் உண்டு. ஆஸ்திரியாவின் கிரெம்ஸ் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 111 மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனை 2025-இல் வெளியானது. ஒரு பகுதியினர் மூன்று வாரம் நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போனை நிறுத்திக்கொண்டார்கள். மனச்சோர்வு, அழுத்தம், தூக்கம் எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. மூன்று வாரம் முடிந்ததும் திரை நேரம் வேகமாகப் பழைய இடத்துக்கே ஏறியது. அதே ஆண்டு வெளியான, வட அமெரிக்காவில் 467 பேரிடம் நடந்த சோதனையில், அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் விட்டுவைத்து, போனில் இணையத்தை இரண்டு வாரம் அடைத்துவிட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு ஏதாவது ஒரு வகையில் நன்மை கிடைத்தது. மிச்சமான நேரத்தில் அவர்கள் நேரில் ஆட்களைப் பார்த்தார்கள், உடற்பயிற்சி செய்தார்கள், வெளியே காற்றாட இருந்தார்கள். ஆனால் விதியைப் பெரும்பாலான நாட்கள் கடைப்பிடித்தவர்கள் நான்கில் ஒரு பங்கினர்தான். தாங்களே விரும்பிச் சேர்ந்தவர்களின் நிலையே இது. தனிமனித வைராக்கியத்தை மட்டும் நம்பி இதைத் தீர்க்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சூழலை மாற்றும் முயற்சிகள் தொடங்கியிருக்கின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-லேயே தொழில்நுட்பப் பயன்பாட்டைச் சீராக்கத் தனி சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசு 2025-இல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை நுழையக் கூடாது என்று விதி போட்டது. விளையாட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஜூனில் விதி செல்லும் என்றது. இரண்டே மாதத்தில் மத்திய அரசின் சட்டம் அத்தகைய விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது. ஆனாலும் மொத்த நேரத்தோடு நிற்காமல், இரவின் எந்த மணி என்று பார்த்துப் போடப்பட்ட விதி அது என்பது குறிப்பிடத்தக்கது.

கல்லூரிகள் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைய டெஸ்ட், மாற்றிய கால அட்டவணை, கட்டணக் கெடு எல்லாமே இப்போது இரவு பத்தரைக்கும் பதினொன்றுக்கும் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகின்றன. அதைத் தவறவிட்டால் மாணவருக்குத்தான் நஷ்டம் என்பதால் போனை அணைக்க அவருக்குத் துணிவு வராது. எட்டு மணிக்கு மேல் குரூப்பில் அறிவிப்பு போடுவதில்லை என்று ஒரு துறைத்தலைவர் முடிவெடுத்தால் போதும். செலவு எதுவும் இல்லை. விடுதி வார்டன்கள் பத்து மணிக்கு வைஃபையை அணைப்பதால் பயன் குறைவு, எல்லோரிடமும் சொந்த டேட்டா இருக்கிறது. கட்டிலுக்கு எட்டாத சுவரில் சார்ஜ் பாயிண்ட்டுகளும், போனை எழுப்பும் கடிகாரமாக வைத்துக்கொள்ளத் தேவையில்லாதபடி அறைக்கு ஓர் அலாரக் கடிகாரமும் வைப்பது அதைவிடப் பலன் தரக்கூடும்.

தரக்கூடும் என்றுதான் இப்போதைக்குச் சொல்ல முடிகிறது. இந்தியாவில் வெளியாகும் ஆய்வுகளில் கணிசமானவை மருத்துவ, செவிலியர் கல்லூரிகளில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து வாங்கியவை. எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று மனிதர்கள் சொல்வதும் போனில் உண்மையில் பதிவாவதும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகின்றன என்று 2021-இல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டிவிட்டது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் 2018 முதலே திரை நேரக் கணக்கு நிமிடச் சுத்தமாக உள்ளேயே பதிவாகிறது. பாலிடெக்னிக் மாணவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்க்கும் இளைஞர், உணவு டெலிவரி செய்பவர், வீட்டிலிருந்தபடி போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண் ஆகியோரின் சம்மதத்தோடு அந்தப் பதிவையும், அவர்கள் தூங்கி எழும் நேரத்தையும், ரத்தச் சர்க்கரையையும் சில ஆண்டுகள் சேர்த்துப் பார்க்கும் ஓர் ஆய்வைத் தமிழ்நாட்டின் மருத்துவப் பல்கலைக்கழகமும் அரசு மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து நடத்த முடியும். ஆள்பலமும் ஆய்வுக்கூடங்களும் அவற்றிடம் ஏற்கெனவே இருக்கின்றன.